பவளங்களுக்கு ஒரு பீர் மெஷின்

அக்னி நட்சத்திரம் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. தட்டாஞ்சாவடியில் ஏசி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சிவசங்கரிக்கு வருஷத்தில் இந்த ஒரு மாதம் மட்டும் இரண்டு காது போதாது. அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் ஆறு போன் வந்துவிட்டது. ஆறு பேரும் சொல்லி வைத்தாற்போல ஒரே புகார்தான் சொன்னார்கள். ஏசி ஓடுகிறது, குளிரவில்லை. ஏழாவதாக வந்த பெண்குரல் மட்டும் வேறு மாதிரி கேட்டது.

"அக்கா, தண்ணியக் குளிர வெக்கிற சில்லர் மெஷின் பாப்பீங்களா?"

"பாப்பேனே. எந்த கம்பெனிங்க?"

"கம்பெனி இல்லக்கா, கடல் ஆய்வுக்கூடம். பிள்ளைச்சாவடி போற ரோட்ல. வழக்கமா பாக்கற மெக்கானிக் ஊருக்குப் போயிட்டாரு. கொஞ்சம் சீக்கிரம் வாங்கக்கா. உயிர் போற விஷயம்."

யாருடைய உயிர் என்று சிவசங்கரி கேட்கவில்லை. மே மாதத்தில் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள். இருந்தாலும் அந்தக் குரலில் இருந்த நடுக்கம் மனதை என்னவோ செய்தது. மற்ற ஆறு பேரையும் மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பாகூர் பக்கம் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். ஐடிஐயில் குளிர்சாதனப் பிரிவில் சேர்ந்தபோது அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். இன்றைக்கும் சில வீடுகளில் கதவைத் திறந்ததும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலையா?" என்று கேட்பார்கள். "வந்துட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

ஆய்வுக்கூடத்து வாசலில் போன் செய்த ஜெர்லின் காத்திருந்தாள். முத்தியால்பேட்டைப் பெண், இருபத்தெட்டு வயது, அங்கே ஆராய்ச்சி மாணவி. கண் சிவந்து, தலை வாராமல், கையில் ஐஸ் பாட்டிலோடு நின்றாள். உள்ளே ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. அறுநூறு லிட்டர் கடல் தண்ணீர். மேலே நீல வெளிச்சம். அடியில் சின்னச் சின்னச் சிமெண்ட் வில்லைகளின் மேல் நாற்பத்திரண்டு துண்டுகள் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. சிலது விரல் மாதிரி, சிலது காலிஃபிளவர் மாதிரி. எல்லாமே சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தன.

"இதுங்கதான்க்கா" என்றாள் ஜெர்லின். "பவளம்."

சிவசங்கரிக்குப் பவளம் என்றால் நகைக்கடையில் பார்த்த சிவப்பு மணிதான். அதைப் பற்றி யோசிக்கவும் நேரமில்லை. மெஷினைத் திறந்தவுடனே மூக்கு சொல்லிவிட்டது. கருகிய வாசனை.

"கம்ப்ரஸர் எரிஞ்சிடிச்சும்மா. ஆயில் கரியாயி லைன் பூரா ஓடியிருக்குது. சும்மா வேற கம்ப்ரஸர மாட்டுனா அதுவும் ஒரு நாள்ல போயிடும். லைன முழுசா கழுவணும், இதே மாடல் சென்னையிலேருந்து வரணும். எப்படிப் பாத்தாலும் செவ்வாக்கெழமை."

"செவ்வாக்கெழம வரைக்கும் இதுங்க தாங்காதுக்கா."

தொட்டியில் இருந்த தெர்மாமீட்டர் 29.6 காட்டியது. இருக்க வேண்டியது இருபத்தேழு. நள்ளிரவுக்குப் பிறகு எப்போதோ மெஷின் நின்றிருக்கிறது. காலையிலிருந்து ஐஸ் பாட்டில்களைப் போட்டுப் போட்டுத்தான் இந்த அளவுக்காவது பிடித்து வைத்திருக்கிறாள். வெளியே கடல் தண்ணீரே முப்பத்தொன்றரைக்கு மேல் போய்விட்டதாம்.

"ரெண்டு டிகிரிதானம்மா ஏறியிருக்குது" என்றாள் சிவசங்கரி, சமாதானப்படுத்துகிற எண்ணத்தில்.

"நமக்கு ஜொரம் வந்தாலும் ரெண்டு டிகிரிதானக்கா ஏறுது?"

சிவசங்கரி தொட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு புருஷன் ராஜாவுக்குப் போன் போட்டாள். அவன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். ஒர்க்‌ஷாப்பில் சும்மா கிடந்த பழைய கூலிங் யூனிட்டை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னாள். அரை மணியில் வந்துவிட்டான். நீளமான செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, அதை அப்படியே தொட்டிக்குள் இறக்கினால் வேலை முடிந்தது. இப்படி எத்தனையோ தண்ணீர்த் தொட்டிக்குச் செய்திருக்கிறாள். சுருளைத் தூக்கித் தண்ணீருக்கு மேல் கொண்டுபோனாள்.

ஜெர்லின் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, செம்பா அது? வேணாங்க்கா! துளி செம்பு கரைஞ்சாலும் இதுங்களுக்கு விஷம்!"

சிவசங்கரி சுருளைக் கீழே வைத்தாள். இன்னும் இரண்டு விநாடி போயிருந்தால் காப்பாற்ற வந்தவளே நாற்பத்திரண்டையும் முடித்திருப்பாள். அவள் தொழிலில் எல்லாமே செம்புதான். செம்பு இல்லாமல் எப்படிக் குளிர வைப்பது? ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் என்றால் குளிரைக் கடத்தாது. எவர்சில்வர் என்றால் சரிப்படும். ஆனால் எவர்சில்வர் குழாயைச் சுருளாக எங்கே போய்த் தேடுவது, சனிக்கிழமை பத்து மணிக்கு?

அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் முத்தியால்பேட்டையில் லூர்துநாதன் கடையில் ஒரு மெஷின் சர்வீஸ் பண்ணினாளே! குழாயில் பிடிக்கிற டிராட் பீரைக் குளிர வைக்கிற மெஷின். உள்ளே ஐஸ் தண்ணீர் நிற்கும், அதற்குள் நாலு எவர்சில்வர் சுருள். அந்தச் சுருளுக்குள்ளே பீர் ஓடி, குளிர்ந்து வெளியே வரும். பீர் ஓடுகிற குழாயில் கடல் தண்ணீர் ஓடாதா?

லூர்துநாதன் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்கு வந்து ரெஸ்டாரண்டும் பாரும் வைத்திருப்பவர். எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். சிவசங்கரி போன் போட்டாள்.

"முசே, ஒரு அவசரம். பார்லேருந்து வந்ததெல்லாம் சாவற நெலமையில கெடக்குது..."

"என்னாது! எவன் செத்தான்? நான் இன்னும் கடையே தெறக்கலியேம்மா!"

கடலடிப் பாறைத் திட்டை மீனவர்கள் பார் என்று சொல்வார்கள் என்பதையும், ஜெர்லின் அப்படியே சொல்லப்போய்த் தனக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது என்பதையும் விளக்குவதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் ஜெர்லின் அத்தனை பதற்றத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கொராயா?" என்றார் அவர். பவளத்துக்குப் பிரெஞ்சில் அதுதான் பேர். குரல் மாறிவிட்டது. "ஜிபூத்தின்னு ஒரு நாட்டுல போஸ்டிங் இருந்தப்போ பாத்திருக்கேன்மா. தண்ணிக்குள்ள தலைய விட்டா தோட்டம் மாதிரி இருக்கும். நம்ம ஊரு கடல்லயா இருக்குது?"

"இருக்குதாம் முசே. இப்ப அதுக்கு உங்க பீர் மெஷின் வேணும். செவ்வாக்கெழம வரைக்கும்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும்தான் அவர் கடையில் டிராட் பீர் ஓடுகிற நாள். சிவசங்கரிக்கும் அது தெரியும்.

"வண்டிய அனுப்பு" என்றார். "ஆனா நானும் கூட வருவேன். என் மெஷின நான் இல்லாம யாரும் தொடக்கூடாது."

ராஜாவின் குட்டியானையில் மெஷின் பின்னாலும் முசே முன்னாலுமாக வந்து இறங்கியபோது மணி பதினொன்றரை. வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஆப்பசோடா பாக்கெட். குழாயைக் கழுவ அதுதான் சரி என்று அவரே வாங்கி வந்திருந்தார். வெந்நீரில் சோடாவைக் கரைத்து நாலு சுருளையும் மூன்று முறை கழுவினார்கள். பிறகு நல்ல தண்ணீர் விட்டார்கள். கடைசியில் வந்த தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து முசே முகர்ந்து பார்த்தார்.

"இன்னொரு தடவ" என்றார்.

இன்னொரு தடவை கழுவினார்கள். மறுபடி முகர்ந்தார். கண்ணை மூடி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "இப்ப குடுக்கலாம். குழந்தைக்கே குடுக்கலாம்."

சிவசங்கரி ஒரு சின்ன பம்ப்பைத் தொட்டியில் போட்டாள். தண்ணீர் பீர் மெஷினின் சுருளுக்குள் போய், குளிர்ந்து, மறு வழியாகத் தொட்டிக்கே திரும்பும். நடுவில் ஒரு வால்வு. மெஷினைப் போட்டு வால்வைத் திறந்தாள். தெர்மாமீட்டர் முப்பதைத் தொட்டிருந்தது. பத்து நிமிஷத்தில் 29.5 ஆனது. முசே கைதட்டினார்.

"அய்யோ, இவ்ளோ வேகம் வேணாம்" என்றாள் ஜெர்லின். "சட்டுனு குளிர்ந்தாலும் தாங்காது. மெதுவா, மெதுவா."

ஏசி மெக்கானிக்கிடம் யாரும் இதுவரை மெதுவாகக் குளிர வை என்று கேட்டதில்லை. சிவசங்கரி வால்வைக் கால்வாசிக்கும் கீழே கொண்டுவந்தாள். தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. அதன்பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கை வால்விலும் ஒரு கண் தெர்மாமீட்டரிலுமாக மத்தியானம் முழுவதும் காவல் இருந்தாள். வரச் சொல்லியிருந்த ஆறு வீடுகளுக்கும் போன் போட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேர் திட்டினார்கள்.

அந்தக் காவலில்தான் ஜெர்லினிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை, உயிரினம். மிளகு அளவே உள்ள ஆயிரக்கணக்கான உயிர்கள் சேர்ந்து ஒரே கூடு கட்டிக்கொண்டு இருக்கின்றன. அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசிதான் வெயிலை வைத்துச் சமைத்து வீட்டுக்காரருக்கும் சாப்பாடு போடுகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவதுதான்.

"தண்ணி சூடானா அந்தப் பாசிக்குப் புத்தி கெட்டுப் போயிடுதுக்கா. சாப்பாட்டுக்கு பதிலா விஷத்தக் கக்க ஆரம்பிச்சிடும். பவளம் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு வெளிய தொரத்திடும். அப்புறம் வெறும் கண்ணாடி மாதிரி சதை, அதுக்குள்ள வெள்ள எலும்பு. நாம பாக்கறது அந்த எலும்பத்தான்."

"அப்ப செத்துப் போச்சின்னுதான அர்த்தம்?"

"இல்ல, உசுரு இருக்குது. பட்டினி. சில வாரத்துல தண்ணி குளிர்ந்தா பாசி திரும்பி வந்துடும். குளிரலன்னா அவ்ளோதான்."

ஏப்ரல் கடைசியில் பாரில் இருந்த பவளங்கள் வெளுக்கத் தொடங்கியதும், முறையாக அனுமதி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து வந்திருந்தாள் ஜெர்லின். கடல் ஆறும்வரை இங்கே வைத்துத் தேற்றி, பிறகு திரும்பக் கொண்டுபோய் வைப்பது என்று திட்டம்.

"கடல் ஏம்மா இப்படிச் சூடாவுது? வெயில் என்னா புதுசா?"

"வெயில் பழசுதான். நாம கரி, பெட்ரோல்னு எரிக்கற புகை மேல போர்வ மாதிரி நிக்குது. சூடு வெளிய போவ முடியல. அப்படி மாட்டிக்கற சூட்டுல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குள்ளதான் போவுது."

குளிரை யாராலும் உண்டாக்க முடியாது, ஒரு இடத்துச் சூட்டை இன்னொரு இடத்துக்குத் தள்ளத்தான் முடியும் என்பது ஐடிஐயில் சிவசங்கரிக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். "அப்ப மொத்த ஊருக்கும் கடல்தான் அவுட்டோர் யூனிட்டா?" என்றாள்.

ஜெர்லின் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இத நான் காலேஜ்ல சொல்லிக்கலாமாக்கா?"

"சொல்லிக்கோ. ஆனா ஏசி மெக்கானிக்கு சொன்னான்னு சொல்லாத. அவளே ஊரு பூரா ஏசி மாட்டறவ."

சிரித்தாள்தான். ஆனால் அது உள்ளே கொஞ்சம் தைத்தது. பிறகு தெர்மாமீட்டர் 28.8 காட்டவும் அதை மறந்து வால்வைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாலை ஆறு மணிக்கு ஜெர்லின் விளக்கைக் குறைத்து, ஒரு சின்னக் குழாயால் தீனிக்கான பொடி இறால் குஞ்சுகள் கலந்த தண்ணீரைப் பவளங்களுக்கு மேல் மெல்லப் பீய்ச்சினாள். "கிட்ட வந்து பாருங்க."

சிவசங்கரி கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தாள். காலையில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி கிடந்த ஒன்றின் மேல் மயிர்க்கால் போலக் குட்டிக் குட்டிக் கைகள் முளைத்து நீண்டிருந்தன. அவை ஆடின. ஒரு குஞ்சு அதில் பட்டதும் சுருட்டிப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டன.

"ஏங்க, சாப்புடுதுங்க!" என்று கத்திவிட்டாள். ராஜாவும் முசேயும் ஓடி வந்தார்கள். முசே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர் இருபத்தேழுக்கு வந்தது. மூன்று துண்டுகள் போய்விட்டன. மற்ற முப்பத்தொன்பதும் நின்றன. செவ்வாய்க்கிழமை கம்ப்ரஸர் வந்தது. சிவசங்கரி லைனை மூன்று முறை கழுவி மாட்டிக் கொடுத்துவிட்டு, பீர் மெஷினை முசேயிடம் கொண்டுபோனாள். அவர் கடை வாசலில் சாக்பீஸால் எழுதிய பலகை இன்னும் தொங்கியது: "பவளத்துக்கு உடம்பு சரியில்லாததால் டிராட் பீர் இல்லை."

"ரெண்டு நாளும் வந்தவன் எல்லாம், பவளம் யாரு முசே, உங்க சம்சாரமான்னு கேக்கறான்" என்றார். "சனிக்கெழம ஒருத்தன் ஆர்லிக்ஸ் பாட்டிலோட வந்து நிக்கறான்மா, பாத்துட்டுப் போறேன்னு!"

அதன்பிறகு பிள்ளைச்சாவடி ரோட்டுப் பக்கம் எந்த வேலை வந்தாலும் சிவசங்கரி ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு எட்டு போய்விட்டு வருவாள். சில்லர் மெஷினைப் பார்க்கப் போவதாகத்தான் பேர். ஜூன் முடிவில் வெள்ளை கொஞ்சம் அழுக்கேறினாற்போலத் தெரிந்தது. ஜூலையில் பால் அதிகமான டீ நிறம். செப்டம்பரில் நல்ல ஸ்ட்ராங் டீ. நடுவில் ஐந்து துண்டுகள் காரணமே தெரியாமல் கரைந்துபோயின. ஜெர்லின் ஒவ்வொன்றுக்கும் முகம் வாடினாள். மீதி முப்பத்திநாலு.

கடலில் விட்டுவிட்டு வந்தவை அவ்வளவு நன்றாக இல்லை. பாருக்குப் போய் முங்கிப் பார்த்துவிட்டு வந்து ஜெர்லின் சொன்னாள். பாதிக்கு மேல் செத்து, அதன்மேல் பச்சைப்பாசி பிடித்துக் கிடக்கிறது. ஆழமான பக்கத்தில் இருந்தவை மட்டும் தப்பித்திருக்கின்றன. அவளைப் படகில் கூட்டிப்போகிற கலியமூர்த்தியும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். கூண்டு வைத்தால் களவாய் மீன் ஆறேழு விழுகிற இடத்தில் இப்போது ஒன்றோ இரண்டோதான் விழுகிறது. ஒண்ட இடம் இல்லாத இடத்தில் மீன் ஏன் நிற்கப்போகிறது?

மழைக்காலம் முடிந்து, கடல் தெளிந்து, பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் ஜெர்லின் போன் செய்தாள். "கடல் தண்ணி இப்ப இருபத்தாறரைக்கா. நாளைக்கு இதுங்கள வீட்டுக்குக் கொண்டுபோய் உடறோம். வர்றீங்களா?"

சிவசங்கரிக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியதும் இல்லை. வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் பயம் வந்தது. முசேயும் வந்தார், மறக்காமல் தொப்பியோடு. பிள்ளைச்சாவடிக் கரையிலிருந்து கலியமூர்த்தியின் ஃபைபர் படகு அலையை ஏறித் தாண்டியபோது சிவசங்கரி பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அலை தாண்டியதும் கடல் மெத்தை போல அடங்கிவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் முசேதான் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"பட்டாளத்துல கப்பல்லயே போனவரு நீங்க!"

"கப்பல் வேற, இது வேறம்மா" என்று முனகிவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார்.

பாருக்கு மேலே போய் நங்கூரம் போட்டார்கள். ஜெர்லின் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கூட வந்திருந்த ஆய்வுக்கூடப் பெண் ஒருத்தியோடு குதித்தாள். பவளங்கள் மூடி போட்ட டப்பாக்களில் கடல் தண்ணீரில் இருந்தன. ஒவ்வொரு கூடையிலும் ஆறு ஆறாக அடுக்கிக் கயிற்றில் இறக்க வேண்டும். கீழே அவர்கள் வாங்கிப் பாறையில் பசை வைத்து ஒட்டுவார்கள். முதல் ஐந்து கூடையைக் கலியமூர்த்தி இறக்கினார். கடைசிக் கூடைக்குச் சிவசங்கரி எழுந்தாள்.

"நான் எறக்கவாண்ணே?"

"எறக்கு. கயித்த உட்டுடாத. இழுப்பு வந்தா கொஞ்சம் நிறுத்து, அப்புறம் உடு."

கயிறு உள்ளங்கையில் ஈரமாக ஓடியது. கூடை தண்ணீருக்குள் போனதும் கனம் பாதியாகக் குறைந்தது. மெதுவாக விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, வால்வைத் திறந்தது மாதிரியே. எட்டு பாகம், அதாவது எட்டு ஆள் ஆழம், போன பிறகு கீழேயிருந்து கயிறு இரண்டு முறை சுண்டியது. வாங்கிக்கொண்டார்கள். சட்டென்று கயிற்றில் கனமே இல்லை. அவளுக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. முசே பார்த்துவிடப் போகிறார் என்று திரும்பினால், அவர் ஏற்கெனவே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

கலியமூர்த்தி அடியில் கண்ணாடி வைத்த ஒரு மரப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "இத தண்ணி மேல வச்சி உள்ள பாரு தங்கச்சி."

படகின் ஓரத்தில் குப்புறப் படுத்துப் பெட்டிக்குள் முகத்தை வைத்தாள். முதலில் பச்சை மங்கல். பிறகு கண் பழகியது. கீழே பெரிய பாறை. பாதிப் பாறை பாசி பிடித்து மொட்டையாகத்தான் கிடந்தது. அதன் விளிம்பில் ஜெர்லின் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் கைக்குப் பக்கத்தில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். அதற்குள்ளாகவே நாலைந்து மஞ்சள் மீன்கள் வந்து ஒவ்வொன்றாக மோப்பம் பிடிப்பது போலச் சுற்றின. ஒரு மீன் ஒரு துண்டின் அடியில் புகுந்து, மறுபக்கம் தலையை நீட்டி, திரும்பவும் உள்ளே போய் நின்றுகொண்டது.

"குடி வந்துடிச்சிண்ணே!" என்றாள் பெட்டிக்குள்ளிருந்தே.

"எத்தினி?"

"ஒண்ணு. இல்ல, இருங்க... ரெண்டு."

ஜெர்லின் மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது சிரிப்பு காது வரைக்கும் இருந்தது. முப்பத்திநாலும் ஒட்டியாயிற்று. வரப்போகிற கோடை எப்படி இருக்குமென்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி அங்கே யாரும் பேசவும் இல்லை. கலியமூர்த்தி வீட்டில் கொடுத்தனுப்பிய சங்கரா மீன் குழம்பும் சோறும் இருந்தது. முசேக்குப் பசி திரும்பிவிட்டது. படகு மெல்ல ஆடிக்கொண்டிருக்க, நங்கூரத்தை எடுக்காமலே, ஐந்து பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.